லெக்கோவால் எடுக்க முடியாத நிறம்

நெய்வேலியில் வளர்ந்தவனுக்குக் கரியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்பது எங்கள் ஊர் நினைப்பு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கிடைத்த பழுப்புக் கட்டி, 1956இல் தொடங்கிய கார்ப்பரேஷன், அடுத்த ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடக்கிவைத்தது, ருஷ்யர் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையம் என்று இந்தக் கதையைப் பள்ளி ஆண்டு விழாவில் நாடகமாகவே போட்டிருக்கிறோம். நேருவாக நடிப்பவனுக்கு ரோஜா குத்திவிட ஆளுக்கு ஆள் போட்டி. லிக்னைட் கட்டியைத் தலையில் சுமந்து மேடையேறுகிறவனை யாரும் சீந்த மாட்டார்கள்.

அப்பாவுக்கு வேலை பி அண்ட் சி பிளான்ட்டில். லிக்னைட்டை உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சுட்டு ‘லெக்கோ’ என்ற கரிக்கட்டியைச் செய்த ஆலை அது. கேஸ் அடுப்பு எல்லா வீட்டுக்கும் வராத காலத்தில் சென்னை வரைக்கும் விற்ற சரக்கு. எங்கள் வீட்டிலும் லெக்கோ அடுப்பு இருந்தது. பற்றவைக்கிற வரைக்கும் அம்மாவின் உயிரை எடுக்கும். பற்றிக்கொண்டால் புகையில்லாமல் நின்று எரியும். சட்டைக் காலரில் அப்பா கொண்டுவரும் கறுப்பு எந்தச் சோப்புக்கும் முழுசாகப் போனதில்லை. ஆகவே கரி என்றால் எரிப்பது, கறையாக்குவது. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு ஓர் அண்ணன் குடிவந்தார். அனல்மின் நிலையத்தின் டி.எம். பிளான்ட்டில், அதாவது கொதிகலனுக்குப் போகும் தண்ணீரிலிருந்து உப்பையெல்லாம் எடுக்கிற இடத்தில் அவருக்கு வேலை. நாள் முழுக்கத் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் மீன் வளர்த்தார். அண்ணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

முன்னறையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி. ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். அதில் ஒரு ஜோடி கோமாளி மீன், அவை ஒண்டிக்கொள்ள ஒரு கடல் சாமந்தி, நாலைந்து நீலக் குட்டி மீன்கள். மீனெல்லாம் சென்னை சென்ட்ரலுக்குப் பின்னால் மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. மன்னார் வளைகுடாவில் பிடிபட்டு, ரயிலில் சென்னை போய், பிளாஸ்டிக் பையில் பஸ் ஏறி நெய்வேலி வந்தவை. கடல்நீர் பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் சாமியார்பேட்டைக் கரையிலிருந்து வரும். கடலூர்தான் எங்களுக்குக் கைக்கெட்டும் கடல். ஆனால் சிப்காட் ஆலைகளின் கழிவு சேருகிற பக்கத்துத் தண்ணீரைத் தொட அண்ணன் சம்மதிக்க மாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் எங்கேயும் எடுக்க மாட்டார். கெடிலமும் வெள்ளாறும் வெள்ளத்தைக் கொண்டுவந்து தள்ளும் மாதங்களில் கரையோரக் கடல் பழுப்பாகிவிடும், உப்பும் இறங்கிவிடும். கடல்நீர் என்றால் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்க வேண்டும். கேனில் மொண்டதும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பார். 1.023க்குக் கீழே காட்டினால் அங்கேயே கவிழ்த்துவிட்டு, “வா தம்பி, வந்ததுக்குக் கருவாடாவது வாங்கிட்டுப் போவோம்” என்பார்.

தண்ணீர் மஞ்சளாவதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. “தண்ணி எப்படி இருக்கு தம்பி?” என்று கேட்டார். பளிச்சென்று இருக்கிறது என்றேன். தட்டைத் தொட்டியின் ஒரு கோடியில் கண்ணாடியோடு ஒட்டி இறக்கி, மறுகோடியிலிருந்து நாலடித் தண்ணீருக்கு ஊடாகப் பார்க்கச் சொன்னார். வெள்ளைத் தட்டு பழைய செய்தித்தாள் நிறத்தில் இருந்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு இந்த மாற்றம் தெரியாது. தின்றுபோட்ட தீனி, மீனின் கழிவு, பாசி கக்குவது எல்லாம் மட்கி, பாக்டீரியா மேற்கொண்டு தின்ன மாட்டேன் என்று விட்டுவைத்த மிச்சம் நீரில் கரைந்து நிற்கிறது. மண்ணில் ஹியூமஸ் என்கிறோமே, அதன் உறவுக்காரப் பொருட்கள். கடலில் இவை கரைந்து காணாமல் போகும். 250 லிட்டரில் போக வழியில்லை. மீன் உடனே சாகாது. ஆனால் விளக்கு வெளிச்சத்தின் நீலப் பகுதியை இந்த மஞ்சள் விழுங்கிக்கொள்ளும். உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பிழைக்கிற கடல் சாமந்தி சுருங்கத் தொடங்கும்.

கிணற்று நீருக்குத் தேற்றாங்கொட்டை இழைக்கிறவர்கள் இருந்தார்கள். அது கலங்கலைத் தெளியவைக்கும். கரைந்ததை ஒன்றும் செய்யாது. கரைந்ததை எடுக்கக் கரிதான். அதைக் கேட்டதும் என் நெய்வேலி மூளை, “அண்ணே, அப்பாகிட்ட சொன்னா லெக்கோ மூட்டையாவே வரும்” என்றது.

அவர் மறுக்கவில்லை. “போட்டுப் பாத்துருவோம்” என்றார். தொட்டியில் இல்லை, திண்ணையில். மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒன்றில் சுரங்கத்து லிக்னைட்டைப் பொடித்துப் போட்டு, சிட்டிகை சலவைச் சோடா சேர்த்துக் குலுக்கினார். தண்ணீர் கருபழுப்பாகிவிட்டது. ஹியூமிக் அமிலம் லிக்னைட்டிலேயே ஏராளம். காரம் பட்டால் இறங்கி வந்துவிடும். எடுக்க வேண்டிய சரக்கையே கொட்டிக்கொடுக்கிற கரி! மற்ற இரண்டு பாட்டிலிலும் வெறும் தண்ணீர், மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் விடுகிற மெத்திலீன் நீலம் சில சொட்டு. ஒன்றில் லெக்கோவை இடித்துப் போட்டார். இன்னொன்றில், பாரிமுனைக் கெமிக்கல் கடையில் வாங்கி வைத்திருந்த கொட்டாங்குச்சிக் கரியை, ‘ஆக்டிவேட்டட்’ கரியை, அதே அளவு இடித்துப் போட்டார். மூடியைத் திருகி என்னிடம் கொடுத்துக் கை ஓயும் வரை ஆட்டச் சொன்னார். மறுநாள் காலையில் தூளெல்லாம் அடியில் படிந்திருந்தது. லெக்கோ பாட்டிலில் நீலம் கொஞ்சம் வெளுத்ததோடு சரி. மற்றதில் நீலம் இருந்த தடமே இல்லை. நாளிதழை அந்தப் பாட்டிலுக்குப் பின்னால் பிடித்து எழுத்தைப் படித்துக் காட்டினார்.

இரண்டும் கரி, இரண்டும் கறுப்பு. வித்தியாசம் நீராவியில். காற்றில்லாமல் சுட்டால் கரி கிடைக்கும். அதன் துளைகள் பெரும்பாலும் தாரால் அடைபட்டிருக்கும். அதையே 800, 900 டிகிரிக்கு ஏற்றி நீராவியைச் செலுத்தினால், நீராவி தாரை விரட்டிவிட்டு, கரியையும் அணு அணுவாகத் தின்று ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியேறும். தின்ற இடமெல்லாம் துளை. அப்படிச் செய்த கரி ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் உட்பரப்பு சாதாரணம். மனைக் கணக்கில் சொன்னால் ஒரு சிட்டிகைக்குள் நாலரை கிரவுண்டு. அந்தச் சுவர்களில்தான் நிறமும் நாற்றமும் ஒட்டிக்கொள்கின்றன. வடிகட்டியில் தூசி சிக்குவதைப் போன்ற வேலை என்று பலரும் இன்றைக்கும் நினைக்கிறார்கள். கரியைத் தூசி பிடிக்க வைத்தால் வாய் அடைபட்டு வீணாகும். முன்னால் ஒரு பஞ்சு போட்டு, அழுக்கைப் பஞ்சில் நிறுத்திவிட்டு, தெளிந்த தண்ணீரைத்தான் கரிக்குள் விட வேண்டும். டி.எம். பிளான்ட்டிலும் அதுதான் வரிசை. மணல் ஃபில்டர் முதலில், ஏ.சி.எஃப். என்ற கரி ஃபில்டர் அடுத்து, உப்பை எடுக்கிற ரெசின் அதற்குப் பிறகு. குளோரினும் கரிமப் பொருளும் ரெசினைக் கெடுக்காமல் கரி முன்னால் நின்று வாங்கிக்கொள்ளும். அண்ணன் அந்த ஆலை வரிசையைச் சின்னதாக்கி மீன்தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்தார். ஆவியாகிக் குறைகிற நீருக்கு ஈடாக ஊற்றும் குழாய்த் தண்ணீரும் ஒரு கரிக் குழலைத் தாண்டித்தான் தொட்டிக்குப் போகும்.

கரியிலும் சாதி உண்டு. கொட்டாங்குச்சிக் கரியின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்குள். குளோரின், வாயு, கரைந்த தங்கம் போன்ற சின்ன சரக்குக்கு அது கெட்டி. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்குத் தேங்காய் ஓட்டுக் கரியைத் தேடி அலைந்ததற்குக் காரணம் அதுதான். லிக்னைட்டிலிருந்து செய்த கரியில் 2 முதல் 50 நானோமீட்டர் வரையிலான அகலத் துளைகள் கூடுதல். சாயம், மட்கிய மஞ்சள் போன்ற பெரிய மூலக்கூறுகள் அதற்குள் சுலபமாக நுழையும். ஆகவே உப்புநீர் மீன்தொட்டிக்காரர்கள் பலர் லிக்னைட் கரியைத்தான் உசத்தி என்றார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவில்லை. நம்ம ஊர் மண்ணுக்கடியில் கிடக்கிற சரக்கு! ஆனால் நம் லிக்னைட் கொதிகலனுக்குப் போயிற்று. அண்ணன் சென்னைக் கடையில் வாங்கிவந்த டப்பா அமெரிக்க லிக்னைட் கரி. டெக்சாஸ் மாநிலத்து மார்ஷல் நகரில் லிக்னைட்டைக் கொண்டு இந்தக் கரி செய்வது பழைய தொழில். கடல்தாண்டி நெய்வேலிக்கு லிக்னைட் இறக்குமதியான வேடிக்கையை அப்பாவிடம் சொன்னேன். அவர் டப்பாவைத் திறந்து, விரலில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், “நம்ம சரக்குதான்” என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

கரி வேலை செய்ததா என்றால், பிரமாதமாகச் செய்தது. தட்டு வெளுத்தது. சாமந்தி விரிந்தது. முன்னறையில் எப்போதும் இருந்த லேசான சேற்று வாடை போயிற்று. அதோடு ஓர் ஆபத்தையும் கரி கொண்டுவந்தது. வருகிறவர்கள் எல்லோரும் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் பிளாக்கிலேயே இன்னொருவர் இதைப் பார்த்துவிட்டுப் புதுத் தொட்டி வைத்து, கடல்நீர் நிரப்பி, கரியைத் தாராளமாகக் கொட்டி, கண்ணாடி மாதிரித் தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் அதே வாரம் மீனை இறக்கினார். எல்லாம் போயிற்று. மீனின் மூச்சிலும் கழிவிலும் வரும் அம்மோனியாவுக்கு நிறமில்லை. கரி அதைத் தொடுவதே இல்லை. நைட்ரேட்டையும் தொடாது. அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா சரளைக் கல்லில் குடியேறச் சில வாரம் ஆகும். அதற்குக் காத்திருக்க வேண்டும், வேறு வழி கிடையாது. தெளிவான தண்ணீர் என்பது தெளிவான தண்ணீர் மட்டும்தான் என்று அண்ணன் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. கேட்டவர் தொட்டியைக் காலி செய்து கோல்டு ஃபிஷ்ஷுக்கு மாறிவிட்டார். அதுவும் ஒரு முடிவுதான்.

பிறகு ‘பவுடர் புளூ’ வந்தது. இந்தியப் பெருங்கடலின் அழகிகளில் ஒன்று. வெளிர்நீல உடல், கறுப்பு முகம், முதுகில் மஞ்சள் துடுப்பு, வாலடியில் கத்தி போல ஒரு முள். அண்ணன் சீட்டுப் பணத்தில் வாங்கிய மீன். சில மாதங்களில் கண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகள் தோன்றின. அப்புறம் பக்கவாட்டுக் கோடு நெடுக உப்புத்தாள் தேய்த்தாற்போலத் தோல் வெளுத்தது. தின்றது, நீந்தியது, ஆனால் அழகு போய்விட்டது. வைட்டமின் சி பற்றாக்குறை என்றார்கள். கீரை கொடுத்தார், பூண்டுச் சாறு கொடுத்தார். மோட்டாரிலிருந்து தண்ணீரில் மின்கசிவு என்றார்கள். அந்த மோட்டாரையே மாற்றினார். கரியை யாரும் சந்தேகப்படவில்லை, அது நல்லது செய்கிற பொருள் ஆயிற்றே.

விடை 2011இல்தான் வந்தது. அமெரிக்காவில் டொலீடோ உயிரியல் பூங்காவின் ஜே ஹெம்டால் ஒரே இனத்துச் ‘சர்ஜன்’ மீன்களைத் தனித்தனித் தொட்டி அமைப்புகளில் வைத்துப் பார்த்தார். பவுடர் புளூவின் பங்காளி இனம் அது. கரி இல்லாத தொட்டியில் நோய் இல்லை. தூள் உதிராத உருண்டைக் கரி போட்டதில் லேசாக இருந்தது. லிக்னைட் கரி போட்டதில் கடுமையாக வந்தது. லிக்னைட் கரி மிருதுவானது, உரசிக்கொண்டு நுண்தூளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். சந்தேகம் அந்தத் தூள் மீது. அதே ஆண்டில் ஸ்டாம்பர் குழுவினர் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 72 மீன்கள். அவர்கள் பயன்படுத்தியது கொட்டாங்குச்சிக் கரி. தொட்டி நீர் முழுவதையும் கரி வழியாக ஓட்டினார்கள். கரி ஓடிய தொட்டிகளில் மட்டுமே புண் வந்தது. ஆக லிக்னைட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. என் அபிப்பிராயம், வலைப்பையில் ஒரு டம்ளர் கரி தொங்கவிடுகிற வீட்டுத் தொட்டியும், முழு நீரையும் கரிக்குள் தள்ளுகிற ஆய்வுத் தொட்டியும் ஒன்றல்ல. ஆனாலும் சர்ஜன் இன மீன் வைத்திருப்பவர் லிக்னைட் கரியைத் தொடாமல் இருப்பதே உத்தமம். நெய்வேலிக்காரன் இப்படிச் சொல்வது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

இந்தச் செய்தியை அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில், டிசம்பர் 30ஆம் தேதி, தானே புயல் கரையேறியது. டவுன்ஷிப்பில் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. நாட்டுக்கே மின்சாரம் அனுப்புகிற ஊரில் கம்பம் விழுந்து வீடுகள் இருட்டில் கிடந்தன. அப்போது என் வீட்டிலும் தொட்டி இருந்தது. கார் பேட்டரியில் காற்று மோட்டாரை ஓட்டி மீன்களைக் காப்பாற்றினோம். சாமந்தி பிழைக்கவில்லை. செத்த சாமந்தி சில மணி நேரத்தில் கரைந்து கூழாகித் தொட்டியையே நஞ்சாக்கும். கூழை மொண்டு கொட்டி, இருந்த கடல்நீரில் பாதியை மாற்றி, புதுக் கரியை வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டு, கேனில் துளையிட்டுக் கையால் தண்ணீரை மொண்டு மொண்டு கரி வழியாக ஊற்றினோம். விடியும்போது நாற்றம் அடங்கியிருந்தது. கோமாளிகள் இரண்டும் காலியான கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தன. கரிக்கு நான் நன்றி சொல்கிற ராத்திரி அது. மாதா மாதம் நடக்கிற மஞ்சள் நீக்கலைவிட, இப்படி ஆபத்துக்கு உதவத்தான் ஒரு டப்பா புதுக் கரி எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும் என்பேன்.

இன்றைக்கு பி அண்ட் சி பிளான்ட் இல்லை, லெக்கோ இல்லை. அண்ணன் வேலை பார்த்த முதல் அனல்மின் நிலையத்தையும் 2020இல் மூடிவிட்டார்கள். அவர் ஓய்வுபெற்று வடலூரில் வீடு கட்டிக்கொண்டார். கோமாளி மீனைக் கடலிலிருந்து பிடிக்கத் தேவையில்லாமல், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கல் பவளம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, வீட்டில் வைத்தால் குற்றம். கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

கரி வாங்க இப்போது பாரிமுனை போக வேண்டாம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்தில் தொட்டிக்கரி என்கிற கொட்டாங்குச்சிக் கரியில் செய்த சரக்கு தாராளமாகக் கிடைக்கிறது. உதிராத, கெட்டியான குருணையாகப் பாருங்கள். 250 லிட்டருக்கு ஒரு டம்ளர் போதும். கழுவுகிற தண்ணீரில் கறுப்பு வருவது நிற்கும் வரை கழுவுங்கள். நீண்ட நாள் மஞ்சளாகக் கிடந்த தொட்டி என்றால் முதல் வாரம் கால் டம்ளரோடு நிறுத்துங்கள், திடீர் வெளிச்சம் சாமந்தியைச் சுட்டுவிடும். மீனுக்கு மருந்து விடும் நாட்களில் கரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தைக் கரிதான் குடிக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டால் பயனில்லை, 800 டிகிரி அடுப்பு நம் வீட்டில் இல்லை. சில கரிகளில் பாஸ்பேட் இறங்கும், பாசி மண்டிவிடும். அதனால் புது டப்பா திறந்ததும் ஒரு பிடியை ஒரு கப் நல்ல தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் பாஸ்பேட் கிட்டில் சோதியுங்கள். நிறம் ஏறினால் அந்த டப்பாவை ரோஜாச் செடிக்குப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.